சத்திரத்துக் கல்

நீர்மங்கலத்தில் கற்கள் நடந்த வருஷம் எது என்று தேடினால் எந்த ஆபீஸ் ரெக்கார்டிலும் கிடைக்காது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும், சர்வேயரம்மா ராணி சத்திரத்துக்குள் பொம்மை வீடு கட்டிப் பால் காய்ச்சிய வருஷம் என்று சொல்வார்கள், சொன்ன கையோடு எங்கள் வீட்டிலிருந்து இத்தனை கல் போயிற்று என்று ஓர் எண்ணிக்கையும் சொல்வார்கள். வருஷத்தை நம்பலாம், எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

சர்வேயரம்மா என்பது தையல்நாயகி. நாற்பத்தாறு வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தாலுகாவின் வயலையும் மனையையும் வாய்க்கால் கரையையும் சங்கிலி போட்டு, டேப் பிடித்து அளந்து எல்லைக்கல் நட்டவள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே நட்டாள், மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவே நட்டாள், சாமிக்கும் சாமிக்கும் நடுவேகூட ஒரு தடவை நட்டிருக்கிறாள். யார் அழுதாலும் யார் மண்ணை வாரித் தூற்றினாலும் அரைச் சாண் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று பேர் வாங்கியிருந்தாள், அந்தப் பேரில் உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டாள். ஊரையெல்லாம் அளந்த அவளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது.

அதற்குக் காரணம் அவளேதான். அப்பா செத்த பதினாறாம் நாள், காரியத்துக்கு வந்த சொந்தபந்தம் இலையை விட்டு எழுந்து இன்னும் கைகூடக் கழுவவில்லை, இவள் பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டாள். இப்போதே அளந்து வைத்துவிட்டால் பின்னால் சண்டை வராது என்று மனசார நம்பினாள். எத்தனை குடும்பம் கோர்ட்டு வாசலில் நாறுவதைப் பார்த்தவள், தன் தம்பியோடு அப்படி நிற்கக் கூடாது என்று பயந்துதான் எடுத்தாள். ஆனால் டேப் எடுத்த வேளையைத்தான் தம்பி பார்த்தான், எடுத்த மனசைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவே அவள் சாக்பீஸால் கோடு போட்டபோது, கோடு அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு அடியில் ஓடியது, தம்பி சிவக்கொழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அரைச் சாண் எம்பக்கம் வருது கொழுந்து. நாற்காலிய நவுத்து" என்றாள் அவள், வயல்வரப்பில் பேசுகிற அதே குரலில்.

"பொறந்த வூட்டுக்குள்ளயே டேப்பு போடுறவ எனக்கு அக்காவே இல்ல" என்று அவன் கத்தினான். வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு, ஊர் கேட்க, சொந்தம் கேட்க, "இந்தப் படியத் தாண்டிப் போனீன்னா திரும்பி வராத. ஒன் வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், செத்தாலும் மிதிக்க மாட்டேன்" என்றான்.

அவள் வீட்டை முழுசாக அவனுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படி தாண்டினாள். அதன் பிறகு பதினோரு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு. ஒன்பது பேர் வந்து, பையனுக்குக் கல்யாணம், பொண்ணுக்குப் பிரசவம், வெள்ளையடிக்கணும், விற்கப்போறோம் என்று ஒன்பது காரணம் சொல்லிக் காலி பண்ணச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சாமானை அவளே வண்டியில் ஏற்றினாள். யாரும் போ என்று சொல்ல முடியாத ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

அப்படித்தான் ராணி சத்திரத்தை வாங்கினாள். ஊருக்கு வடக்கே, பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பர்லாங் தள்ளி, எந்தக் காலத்திலோ ஒரு ராணி, தெற்கே யாத்திரை போகிறவர்களுக்காகக் கட்டிய சத்திரம் அது. பதினெட்டு அறை, இரண்டு முற்றம், ஒரே சமயத்தில் இருநூறு இலை விழும் கூடம், இரவும் பகலும் தாழ்ப்பாள் போடாத கதவு என்று சொல்வார்கள். அவள் வாங்கியபோது மூன்று சுவரும் ஒரு வளைவும்தான் நின்றன, மற்றதெல்லாம் எருக்கஞ்செடி. கடைசி வாரிசு வடக்கே எங்கோ இருந்தார், இப்படி ஒன்று தனக்கு இருப்பதே அவள் கடிதம் போட்ட பிறகுதான் தெரிந்து, எடுத்துக்கொண்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மூன்று சுவருக்கு நடுவே, பதினாலுக்கு இருபத்தேழு அடியில், கிராப் தாளில் அவளே வரைந்தாள். ஒருத்தி சமைக்க ஒரு மேடை, ஒருத்தி உட்கார ஒரு நாற்காலி, மடக்கினால் சுவரோடு போய்விடும் ஒரு பலகை, ஒவ்வொரு படிக்கும் ஓர் இழுப்பறை வைத்த ஏணி, அந்த ஏணி ஏறினால் இரண்டு இரும்பு கர்டர்மேல் பலகை பரப்பி ஒருத்தி படுக்க ஒரு பரண். பழைய சுவரைப் பூசவில்லை, சோப்புக்கட்டி கனமே இருக்கும் அந்தச் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அப்படியே தெரியட்டும் என்று விட்டாள். பழைய வளைவில் புதுக் கதவு வைத்து, அதற்கு மூன்று தாழ்ப்பாள் போடச் சொன்னாள்.

"ஒரு ஆளு வந்தா எங்கம்மா ஒக்கார வெப்பீங்க?" என்று கேட்டார் மேஸ்திரி ஆரோக்கியம்.

"யாரும் வர வேணாம்னுதான் மேஸ்திரி கட்டுறேன்."

"அது சரி. பதினெட்டு ரூமு சத்தரத்துல ஒண்டி ஆளுக்கு வூடு. ராணி பாத்தா மயக்கம் போட்ருவா" என்று சொல்லிவிட்டுக் கலவையைக் கிண்டினார்.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீர்மங்கலத்தில் யார் வீடு கட்டினாலும் சத்திரத்திலிருந்து ஒரு செங்கல் எடுத்துவந்து ஈசானி மூலையில் வைப்பார்கள், சோறு போட்ட இடத்துக் கல் வீட்டில் இருந்தால் சோற்றுக்குக் குறைவு வராது என்று நம்பிக்கை. ஒரு கல் எடுக்கப் போனவர்கள் வந்ததே வந்தோம் என்று ஒரு கூடை எடுத்தார்கள், கூடை எடுத்தவர்கள் அடுத்த தடவை வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். இப்படி நூறு வருஷத்தில் மாட்டுக்கொட்டகை, கிணற்றுச் சுவர், அடுப்பு, கக்கூஸ், மாரியம்மன் கோயில் மதில் என்று சத்திரம் ஊர் முழுக்கக் குடியேறிவிட்டது. கேட்டால் எல்லோரும் ஒரு கல்தான் எடுத்தோம் என்பார்கள். முதலில் கை வைத்தவர் தையல்நாயகியின் கொள்ளுத்தாத்தா. சத்திரத்துக்கு மணியக்காரராக இருந்தவர், ராணி வீட்டு மானியம் நின்று அடுப்பு அணைந்த மறுநாள், சம்பளப் பாக்கிக்கு ஈடு என்று சொல்லி வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டு போனார். ஐந்தடி நீளக் கருங்கல், நடந்தவர்கள் காலால் நடுவில் தேய்ந்து குழிந்தது. அந்தப் படிமேல்தான் அவர் தன் வீட்டு வாசல் நிலையை நிறுத்தினார், அந்தப் படிமேல் நின்றுதான் சிவக்கொழுந்து சத்தியம் பண்ணினான்.

தை மாதம் ஒரு புதன்கிழமை அவள் பால் காய்ச்சினாள். யாரையும் கூப்பிடவில்லை. மேஸ்திரி ஒரு டம்ளர் குடித்தார், அவள் ஒரு டம்ளர் குடித்தாள், வீட்டில் இருந்ததே இரண்டு டம்ளர்தான். மறுநாள் காலை பத்து மணி பஸ் போன பிறகு கற்கள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவை பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி போன ஆடியில் கட்டிய மாட்டுக்கொட்டகைக் கற்கள். கலவையை உதறிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, சாலையின் இடது ஓரமாக, மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் மாட்டின் வேகத்தில் வந்தன. எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் நின்றன, போனதும் நகர்ந்தன. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள், தலைவர் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து, "யோவ், அது நம்ம கல்லுய்யா, புடிங்கய்யா" என்று கத்தினார். பிடித்துத் தூக்கினால் கல் கையில் இருந்தது, கீழே வைத்தால் மறுபடி வடக்கே திரும்பிற்று. தையல்நாயகியின் திறந்த கதவுக்குள் நுழைந்து, அடுப்பு மேடைக்கும் ஏணிக்கும் நடுவே, எருக்கஞ்செடி பிடுங்கிய இடத்தில் எந்தச் சுவர் நின்றதோ அந்தச் சுவராக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. சாயங்காலத்துக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

ஊர் ஒரு நாள் சிரித்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தான் தெருவில் நாலு வீட்டின் பின்கட்டு கிளம்பியது, அதற்கடுத்த நாள் அரிசி மில் முதலாளி வீட்டுக் காம்பவுண்டு கிளம்பியது, ஒரே ஒரு கல் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தவர் வீட்டிலிருந்து நானூற்று இருபது கல் ஊர்வலம் போயிற்று. பெண்டாட்டிமார் தலையில் அடித்துக்கொண்டார்கள், சிலர் தங்கள் கல்லில் பெயின்டால் இனிஷியல் போட்டு அனுப்பினார்கள். பஸ் டிரைவர் சத்திரத்துப் பக்கம் வரும்போது ஹாரன் அடிக்கப் பழகிக்கொண்டார். மூன்றாம் வாரம் மாரியம்மன் கோயில் மதில் போனபோது பூசாரி ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் வைத்து, போய்ட்டு வா என்று வழியனுப்பினார்.

தையல்நாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று தாழ்ப்பாளையும் போட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். கற்கள் கதவை முட்டவில்லை, உடைக்கவில்லை, வாசலில் வரிசையில் நின்றன. மத்தியானத்துக்குள் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து இலந்தைப்பழம் தின்றன. நாலு மணிக்குக் கதவுக்கு வெளியே மனிதக் குரல் கேட்டது. சமையல்கட்டுச் சுவர் போய்விட்ட கமருன்னிசா, இடுப்பில் கேஸ் அடுப்பும் கையில் குக்கருமாக நின்றாள்.

"எங்க செவுரு இஞ்ச வருதுக்கா. நாங்களும் இஞ்சதான் ஆக்கித் திங்கணும். தொறக்கிறியளா, வெளியவே அடுப்பப் பத்த வெக்கவா?"

அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுக் குடும்பம் பாயும் பாத்திரமுமாக நின்றது. தையல்நாயகிக்குத் தன் சாமானை ஒன்பது தடவை வண்டியில் ஏற்றியது ஞாபகம் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. கதவைத் திறந்தாள், அதன் பிறகு அதை மூட முடியவில்லை.

ஒருத்தி சமைக்கும் மேடையில் பதினோரு குடும்பம் சமைத்தது. ஒருத்தி உட்காரும் நாற்காலியில் யார் வீட்டுப் பிள்ளையோ ஏறி நின்று குதித்தது. சத்திரம் அறை அறையாக எழும்பியது, எந்தச் சுவர் யார் வீட்டுக் கல்லோ அந்தச் சுவரோரம் அவர்கள் பாயை விரித்தார்கள், போஸ்ட்மேன் பள்ளிக்கூடத்தான் தெரு ஏழாம் நம்பர், வடக்குச் சுவர் என்று கேட்டுக் கடிதம் கொடுக்கப் பழகினார், கேஸ்காரன் சிலிண்டரை முற்றத்திலேயே உருட்டிவிட்டான். தையல்நாயகி தினமும் காலையில் டேப் எடுத்து அளந்தாள், தினமும் முந்தின நாள் எழுதியதை அடித்து எழுதினாள். அவளுக்கென்று மிஞ்சியது ஏணியும் அந்தப் பரணும்தான். மேலே ஏறிப் படுத்துக்கொண்டு, கீழே யாரோ வெங்காயம் வதக்கும் வாசனையில், இதற்கா பதினோரு வருஷம் காத்திருந்தோம் என்று அழுதாள்.

சும்மா அழுகிறவள் இல்லை, அளக்கிறவள். எந்த வீட்டுக் கல் என்றைக்கு வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்ததில் ஒன்று பிடிபட்டது. கடைசியாக எடுத்தது முதலில் வருகிறது, முன்னால் எடுத்தது பின்னால் வருகிறது. போன ஆடியில் எடுத்தது முதல் நாள், இருபது வருஷத்துக்கு முன் எடுத்தது இரண்டாம் வாரம், தாத்தா காலத்தில் எடுத்தது மாசிக் கடைசி. அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்தது எல்லாவற்றுக்கும் பின்னால். பென்சில் அவள் கையில் அப்படியே நின்றது. கொள்ளுத்தாத்தாவின் படி. அந்தப் படிமேல் நிலை, நிலைமேல் இரண்டடிக் கன முன்சுவர், சுவர்மேல் கட்டையும் கல்லும் பரப்பிய பழைய மொட்டைமாடி. படி போனால் நிலை உட்காரும், நிலை உட்கார்ந்தால் சுவர் விழும், சுவர் விழுந்தால் கூடத்தில் இருக்கிறவர்கள் தப்ப மாட்டார்கள். மிச்சக் கல்லை எண்ணி நாளைக் குறித்தாள், பங்குனி இரண்டாம் வெள்ளி என்று வந்தது.

இதற்கிடையில் தலைவர் கலியமூர்த்தி ஜேசிபி கொண்டுவந்து சத்திரத்தை இடிக்கப் பார்த்தார். ஒரு மூலையைத் தள்ளியதும் கற்கள் சரிந்தன, தூசி அடங்கியதும் எழுந்து அதே இடத்தில் போய் உட்கார்ந்தன. மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டு டிரைவர் வண்டியை நிறுத்தி, கமருன்னிசாவிடம் டீ வாங்கிக் குடித்தான். அன்றைக்குச் சாயங்காலம் தலைவரும் தன் மாட்டோடு தெற்கு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

குறித்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை காலை தையல்நாயகி பிறந்த வீட்டுத் தெருவுக்குப் போனாள். படிக்கு ஒரு கஜம் முன்னாலேயே நின்றுகொண்டாள். சிவக்கொழுந்து படியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுப் பூசிக்கொண்டிருந்தான், சிமென்ட் வியாபாரம் அவனுக்கு.

"கொழுந்து, நாள மறுநாள் படி கெளம்பிரும். வூட்ட விட்டு வெளிய வந்துருங்க."

அவன் கரண்டியை நிறுத்தாமல் பேசினான். "கோடு போட்டு வாங்க முடியல, இப்ப கல்லப் போட்டுப் புடுங்குறியா?"

"நா எங்கடா புடுங்குறேன், அது தானாப் போவுது. நீ வராட்டிப் போ, பிரேமாவையும் கைப்புள்ளையையும் அனுப்பு. செவுரு விழுந்துரும்டா."

"விழாது. ஊருல எல்லாம் செங்கல்லு, காத்துல போச்சு. இது கருங்கல்லு. இதுமேல நா ஒக்காந்துருப்பேன், எப்படிப் போவுதுன்னு பாப்போம்" என்றான். உள்ளே கதவோரம் அவன் பெண்டாட்டி பிரேமா பிள்ளையை மாரோடு பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை, புருஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவள் ஒரு பையோடும் பிள்ளையோடும் சத்திரத்து வாசலில் வந்து நின்றாள்.

"அவுக வர மாட்டேங்குறாக அண்ணி. படியிலேயே சாவேங்குறாக" என்று சொல்லி உடைந்து அழுதாள்.

தையல்நாயகி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தம்பி சாகப்போகிறான் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்குள் முழுசாக இறங்கியது. மேஸ்திரி ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, அந்தச் சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"சவுக்குக் கம்பு தாங்காதும்மா, அது ராட்சச செவுரு. நிலைக்கு மேல ரெண்டு பக்கமும் இரும்பு குடுத்து ஏந்தணும். கர்டரு டவுன்லேருந்து வர ரெண்டு நாளாவும்" என்று சொன்னவர், சொல்லிவிட்டு அண்ணாந்து பரணைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

அவளும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கர்டர், அதன்மேல் பலகை, பலகைமேல் மடித்து வைத்த ஒற்றைப் போர்வை. உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஆறடிக்கு நாலடி அதுதான். பிள்ளை அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, போர்வையை இழுத்துக் கீழே போட்டாள்.

"கழட்டுங்க மேஸ்திரி."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, யார் யார் நிலத்தில் அவள் எல்லைக்கல் நட்டு யார் யார் அவளைச் சபித்தார்களோ அவர்களில் பத்துப் பேர் கர்டரைத் தோளில் சுமந்துகொண்டு அவள் பின்னால் வந்தார்கள். வெளிப்பக்கத்துக் கர்டரை நிலைக்கு மேலே செங்கல்லை நோண்டி ஏற்றியாயிற்று. உள்பக்கம் ஏற்ற வேண்டும், படியில் சிவக்கொழுந்து உட்கார்ந்திருந்தான், கையில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி.

"திரும்பி வராதன்னு சொன்னேன்ல" என்றான்.

"சொன்ன."

"யாரும் படிய மிதிக்கக் கூடாது."

மணி ஒன்பதேகால், பத்து மணி பஸ் போனதும்தான் தினமும் கல் கிளம்பும். தையல்நாயகி புடவையை இழுத்துச் செருகினாள், அவன் தோளுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி, படியில் பாதம் படாமல் ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே போய் நின்றாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கூடத்துத் தரை காலில் சில்லென்று பட்டது. சாய்வு நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அவன் நினைத்திருந்தால் கடப்பாரையால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அவள் தாண்டியதைப் பார்த்துப் பத்துப் பேரும் கர்டரோடு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒன்பது ஐம்பதுக்கு மேஸ்திரி கடைசி ஆப்பை அடித்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். எல்லோரும் திரும்பத் தாண்டித் தெருவுக்கு வந்தார்கள். சிவக்கொழுந்து மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடா. கர்டரு தாங்குமான்னு தெரியலடா. எந்திரி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை உதறினான்.

பத்து மணி பஸ் வந்தது, நின்றது, போயிற்று. கான்கிரீட்டில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது, அது விரலகலம் ஆயிற்று, படி ஒரு தடவை குலுங்கி, சிவக்கொழுந்தைச் சுமந்துகொண்டே நிலைக்கு அடியிலிருந்து நழுவித் தெருவுக்கு வந்தது. நிலை அந்தரத்தில் தொங்கிற்று. மேலே ஏதோ முனகியது, ஒரு கூடை சுண்ணாம்பு அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் கொட்டி அவன் தலையையும் வெள்ளையாக்கியது, கர்டர் கால் விரற்கடை அளவு வளைந்து, பிறகு நின்றுகொண்டது. சுவர் விழவில்லை. தையல்நாயகி நடுத்தெருவில் உட்கார்ந்து விட்டாள், பிறகு எழுந்து கல்லுக்குப் பின்னால் ஓடினாள்.

கல் மாட்டு வேகத்தில் வடக்கே போயிற்று. அவன் கடப்பாரையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல், சுண்ணாம்புத் தலையோடு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். இறங்கினால் தோற்றதாகிவிடும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். ஊர் சனம் பாதி பின்னால் வந்தது, பாதி சத்திரத்து வாசலில் காத்திருந்தது. தையல்நாயகி கல்லோடு கல்லாக நடந்தாள்.

"எறங்குடா கொழுந்து. சனம் பாக்குது."

"பாக்கட்டும். எங் கல்லு."

"கொள்ளுத்தாத்தா பேத்துக்கிட்டு வந்த கல்லு."

"அதான் எங் கல்லுங்குறேன்."

குளத்தங்கரை திரும்பும்போது அவன் முகத்தைத் திருப்பாமலே கேட்டான். "செவுரு நிக்கிதா?"

"நிக்கிது."

"எதுல நிக்கிது?"

"எம் பரணு கர்டர்ல."

அரச மரம் போயிற்று, தபால் பெட்டி போயிற்று, எலிமென்டரி ஸ்கூல் போயிற்று.

"அப்ப நீ எங்க படுப்ப?"

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்துக்கலாம்" என்றாள்.

சத்திரத்து முன்வாசலில் எல்லாம் முடிந்திருந்தது, படி வைக்கிற பள்ளம் ஒன்றுதான் பாக்கி. கல் நிதானமாகத் திரும்பி, பள்ளத்தில் இறங்கி, ஒரு தடவை அசைந்து சரியாக அமர்ந்துகொண்டது. உள்ளே இருந்த நூறு குடும்பமும் வெளியே நின்ற கூட்டமும் அசையாமல் பார்த்தது. சிவக்கொழுந்து அக்காள் வீட்டு வாசற்படியில், தெருவைப் பார்த்தபடி, தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்" என்றான் கடைசியில்.

"மிதிக்காத. ஒக்காந்துகிட்டுதான இருக்க" என்றாள் தையல்நாயகி.

பிரேமா இடுப்பில் பிள்ளையோடு உள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். படியருகே வந்ததும் நின்றாள். வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் நாக்கு வறண்டு உதட்டை நக்கினான். சொம்பைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை அப்பனின் வெள்ளைத் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், பாதம் கல்லில் படாமல், இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கினான், அப்படியே பிருஷ்டத்தின்மேல் சுழன்று திரும்பி, காலை உள்பக்கம் தொங்கவிட்டான். சத்திரத்துத் தரையில் பாதம் பட்டது. கையை நீட்டிச் சொம்பை வாங்கி, அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தான்.

இப்போது அவன் முதுகுதான் தையல்நாயகிக்குத் தெரிந்தது, அகலமான முதுகு, அப்பாவுக்கும் அப்படித்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்குக் கால் வலித்தது.

"நவுந்து ஒக்காருடா" என்றாள். "நானும் ஒக்காரணும்."

அவன் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்தான். அரைச் சாணுக்கும் கொஞ்சம் கூடவே நகர்ந்திருக்கிறான் என்று டேப் இல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.